லேப் வரைபடம் தப்பாக வருகிறதா? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

சிஸ்கோவின் சிசிஎன்ஏ நெட்வொர்க்கிங் தேர்வுக்குப் பயிற்சி லேப் கட்டுகிறவர்கள் வரைபடத்துக்குக் கடைசியில்தான் வருவார்கள். நாலு ரவுட்டர், மூன்று ஸ்விட்ச், ரவுட்டர்களுக்குள் வழிகளைப் பரிமாறும் ஓஎஸ்பிஎஃப், ஒரு ஸ்விட்சைப் பல நெட்வொர்க்காகப் பிரிக்கும் விலான் எல்லாம் ஓடுகிறது. சரி, இதை ஆவணமாக்கி வைப்போம் என்று ஒரு மேப்பிங் மென்பொருளை நிறுவி ஸ்கேன் கொடுத்தால், நாம் கட்டிய லேப்புக்கும் வந்த படத்துக்கும் சம்பந்தமே இருக்காது. பாதிக் கருவிகளைக் காணோம், இல்லாத ஒன்று நடுவில் நிற்கிறது, கோடு எங்கேயோ போய்ச் சேர்கிறது.

உடனே வேறு மென்பொருளைத் தேடிப் போகத் தோன்றும். அதற்கு முன் ஒன்றை யோசித்துப் பாருங்கள். இந்த மென்பொருள்களுக்குத் தாமாக எதுவும் தெரியாது. என்மேப்பும் அதன் முகமான ஜென்மேப்பும் பிங், ட்ரேஸ்ரூட் பதில்களை வைத்துப் படம் போடுகின்றன. லிப்ரேஎன்எம்எஸ், த டியூட் போன்றவை எஸ்என்எம்பி என்ற நிர்வாக நெறிமுறை வழியாகக் கருவிகளிடம் கேட்டு, கிடைத்ததை வரைகின்றன. படம் தப்பு என்றால் ஏதோ ஒரு கருவி பதில் சொல்லவில்லை, அல்லது நாம் எதிர்பார்க்காத பதிலைச் சொல்லியிருக்கிறது. அது எது என்று தேடிக் கண்டுபிடிப்பதே தேர்வுக்கு நல்ல பயிற்சி. 200-301 என்ற எண் கொண்ட சிசிஎன்ஏ தேர்வின் பாடத்திட்டத்தில், அண்டைக் கருவிகளைக் கண்டறியும் நெறிமுறைகளான சிடிபி, எல்எல்டிபி இரண்டையும் அமைத்துச் சரிபார்ப்பது தனித் தலைப்பாகவே இருக்கிறது.

கீழே வரும் உதாரணங்களுக்கு ஒரு லேப்பை வைத்துக்கொள்வோம். மேப்பிங் மென்பொருள் ஓடும் கணினி 192.168.50.10. அது ஆர்1 என்ற ரவுட்டரில் சேர்கிறது. ஆர்1 முதல் ஆர்4 வரை லூப்பேக் முகவரிகள் (எந்த போர்ட்டையும் சாராமல் ரவுட்டருக்குள்ளேயே இருப்பவை) 10.255.0.1 முதல் 10.255.0.4 வரை. ஸ்விட்சுகளின் நிர்வாக முகவரிகள் விலான் 99-இல், 10.99.0.0/24.

ஸ்கேன் கொடுப்பதற்கு முன் ஒரு காகிதத்தில் கையால் லேப்பை வரைந்துவிடுங்கள். ஒவ்வொரு கருவியிலும் ‘ஷோ சிடிபி நெய்பர்ஸ்’ கொடுத்து, எந்த போர்ட் எந்த போர்ட்டில் சேர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏழு கருவிகளுக்குப் பத்து நிமிடம் போதும். ஒப்பிட்டுப் பார்க்க இந்தக் காகிதம் இல்லையென்றால், மென்பொருள் தருகிற படம் சரியா தப்பா என்று சொல்லவே முடியாது.

படத்தில் என் கணினியும் ஆர்1-உம் மட்டும்தான் இருக்கின்றன

இங்கே மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

லேப் சிஸ்கோவின் சிமுலேட்டரான பாக்கெட் ட்ரேசரில் இருந்தால் தேடலை அத்துடன் நிறுத்திவிடுங்கள். அதற்குள் ஓடும் பாக்கெட்டுகள் அந்த நிரலை விட்டு வெளியே வருவதில்லை. உங்கள் கணினியில் இருக்கும் என்மேப்பால் அவற்றைத் தொடவே முடியாது. அங்கே நீங்கள் இழுத்துப்போட்டு வரைந்த திரையே வரைபடம். போர்ட் பெயர்களைக் காட்டும்படி வைத்து, முகவரிகளைக் குறிப்பாக எழுதி, படமாகச் சேமித்துக்கொண்டால் போதும்.

நெட்வொர்க் எமுலேட்டரான ஜிஎன்எஸ்3 என்றால், லேப்பை வெளியுலகத்தோடு எதை வைத்து இணைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். முகவரியை மாற்றி அனுப்பும் நாட் நோடு போட்டிருந்தால் உள்ளிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. லினக்ஸில் அது 192.168.122.0/24 என்ற முகவரித் தொகுதியில் இருந்துகொண்டு, பின்னால் இருப்பதையெல்லாம் மறைத்துவிடும். இணையத்திலிருந்து எதையாவது இறக்க அது நல்லது, ஸ்கேன் செய்ய உதவாது. அதற்குப் பதில் கிளவுட் நோடு போட்டு, கணினியில் தனியாக உருவாக்கிய டேப் அல்லது லூப்பேக் அடாப்டரோடு இணையுங்கள். வீட்டு வைஃபை அடாப்டரோடு நேராக இணைக்க வேண்டாம். வயர்லெஸில் இந்த மாதிரி பிரிட்ஜ் பல நேரம் வேலை செய்யாது.

மூன்றாவதுதான் நிறையப் பேரைச் சுற்ற விடுகிறது: திரும்பி வரும் வழி. உங்கள் கணினி 10.255.0.4-க்கு பிங் அனுப்புகிறது. ஆர்1, ஆர்2 வழியாக அது ஆர்4-க்குச் சரியாகப் போய்ச் சேர்கிறது. ஆர்4 பதில் அனுப்பப் பார்க்கிறது. அதன் ரவுட்டிங் டேபிளில் 192.168.50.0/24 என்று ஒன்று இல்லை. பதில் அங்கேயே கீழே விழுகிறது. கணினியிலிருந்து பார்த்தால் ஆர்4 செத்துக் கிடக்கிற மாதிரிதான் தெரியும். இதைச் சோதிக்கக் கணினியை விட்டுவிட்டு ஆர்4-இல் உட்காருங்கள். ‘ஷோ ஐபி ரூட் 192.168.50.10’ கொடுத்துப் பாருங்கள். வழி இல்லை என்று வந்தால், ஆர்1-இல் அந்தத் தொகுதியை ஓஎஸ்பிஎஃப்-இல் சேருங்கள். கணினி இருக்கும் பக்கத்து இன்டர்ஃபேஸைப் பாசிவ் ஆக்கிவிடலாம்; தொகுதி விளம்பரமாகும், ஹலோ பாக்கெட் மட்டும் அந்தப் பக்கம் போகாது.

கணினிக்கும் வழி தெரிய வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அதன் டீஃபால்ட் கேட்வே வீட்டு ரவுட்டராக இருந்தால் 10.255.0.0 பாக்கெட் எல்லாம் அங்கே போய்விடும். ஆர்1-ஐச் சுட்டி ஒரு ஸ்டாட்டிக் ரூட் எழுதுங்கள்.

ரவுட்டர்கள் எல்லாம் வருகின்றன, ஸ்விட்சுகள் மட்டும் வரவில்லை

படம் போட்டது ஜென்மேப் என்றால் இது பிழையே இல்லை. அது ட்ரேஸ்ரூட்டை நம்புகிறது. ட்ரேஸ்ரூட்டில், பாக்கெட்டின் ஆயுளைக் குறிக்கும் டிடிஎல் எண்ணைக் குறைக்கும் கருவிதான் தெரியும். லேயர் 2 ஸ்விட்ச் அந்த எண்ணைத் தொடுவதில்லை. நிர்வாக முகவரி கொடுத்திருந்தால் ஸ்விட்ச் ஓர் ஓரத்தில் தனிக் கணினி மாதிரி நிற்கும், பாதையின் நடுவில் வராது. கேபிள் அளவில் வரைபடம் வேண்டுமென்றால் எஸ்என்எம்பி வழி கேட்கும் மென்பொருள்தான் சரி.

அந்த மாதிரி மென்பொருளிலும் ஸ்விட்ச் வரவில்லையா? அதே விலான் 99-இல் இருக்கும் ஒரு கருவியிலிருந்து ஸ்விட்சுக்கு பிங் செய்யுங்கள். அங்கிருந்து பதில் வந்து, உங்கள் கணினிக்கு மட்டும் வரவில்லை என்றால் ஸ்விட்சில் ‘ஐபி டீஃபால்ட்-கேட்வே’ இல்லை. லேயர் 2 ஸ்விட்சுக்கு அந்த ஒரு வரிதான் வெளியே போகும் வழி. ஆனால் 3560, 3750 போன்ற லேயர் 3 ஸ்விட்சில் ‘ஐபி ரவுட்டிங்’ போட்டுவிட்டால் அந்த வரியை அது மதிக்காது. கான்ஃபிக்கில் வரி கண்ணுக்கு முன்னால் இருக்கும், வேலை செய்யாது. அங்கே ‘ஐபி ரூட் 0.0.0.0 0.0.0.0’ எழுத வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தில் ஒரு மாலை முழுக்க போன அனுபவம் எனக்கு உண்டு. அதனால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

விலான் 99-இன் இன்டர்ஃபேஸே கீழே கிடக்கிறது என்றால், அந்த விலானில் உயிரோடு ஒரு போர்ட்டாவது இருக்கிறதா என்று பாருங்கள். விலானை உருவாக்காமல் இன்டர்ஃபேஸை மட்டும் உருவாக்கியிருந்தாலும், பல விலான்களைச் சுமக்கும் ட்ரங்கில் 99-ஐ அனுமதிக்காமல் விட்டிருந்தாலும் இதேதான் நடக்கும்.

பிங்குக்குப் பதில் வருகிறது, ஆனால் படத்தில் பெயரில்லாத வட்டமாக நிற்கிறது

கருவி இருப்பது தெரிந்துவிட்டது. அது யார் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. அதாவது எஸ்என்எம்பி.

மென்பொருளை ஓரமாக வைத்துவிட்டு, கணினியின் டெர்மினலில் இருந்து எஸ்என்எம்பிவாக் கொண்டு நேராகக் கேளுங்கள். கேட்க வேண்டிய எண் 1.3.6.1.2.1.1.5, அது கருவியின் பெயர். பெயர் வந்தால் தப்பு மென்பொருளில் கொடுத்திருக்கும் விவரத்தில். டைம்அவுட் என்று வந்தால் தப்பு கருவியின் பக்கம், அல்லது நடுவழியில்.

எஸ்என்எம்பி-யின் 2சி பதிப்பில், கடவுச்சொல் போன்ற கம்யூனிட்டி ஸ்ட்ரிங் தவறாக இருந்தால் ‘தவறு’ என்று பதில் வராது, மௌனம்தான் வரும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடும் உண்டு. அதனால் டைம்அவுட்டைப் பார்த்ததும் கேபிளைப் பிடுங்கி மாட்டப் போகாதீர்கள். முதலில் ‘ஷோ ரன்’ கொடுத்து ஸ்ட்ரிங்கை எழுத்துக்கு எழுத்து பாருங்கள். அந்த வரியின் கடைசியில், யாரை உள்ளே விடலாம் என்ற பட்டியலான ஏசிஎல்-இன் எண் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். போன மாதம் கணினிக்கு 192.168.50.20 இருந்தபோது எழுதிய ஏசிஎல் இன்று 192.168.50.10-ஐ உள்ளே விடாது. நடுவில் ஏசிஎல் பயிற்சி செய்து பார்த்த ரவுட்டர் இருந்தால், யுடிபி 161 அங்கே அடைபட்டிருக்கலாம். ‘ஷோ ஆக்சஸ்-லிஸ்ட்ஸ்’ கொடுத்து, எந்த வரியின் எண்ணிக்கை ஏறுகிறது என்று கவனித்தால் சிக்கிவிடும்.

மூன்றாம் பதிப்பு பயன்படுத்துகிறீர்கள், நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்தது, லேப்பை அழித்துவிட்டுச் சேமித்த கான்ஃபிக்கைத் திரும்ப ஒட்டினீர்கள், அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. கான்ஃபிக்கை எத்தனை முறை ஒப்பிட்டாலும் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. காரணம் இது: சிஸ்கோ கருவிகளின் இயங்குதளமான ஐஓஎஸ்-இல் ‘எஸ்என்எம்பி-சர்வர் யூசர்’ வரி ‘ஷோ ரன்’-இல் வருவதில்லை. குரூப் வரும், வியூ வரும், யூசர் வராது. கடவுச்சொல்லை வெளியே காட்டாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். நீங்கள் சேமித்த கோப்பில் அந்த வரி இருக்கவே இல்லை, அதனால் ஒட்டியபோதும் வரவில்லை. ‘ஷோ எஸ்என்எம்பி யூசர்’ கொடுத்தால் பட்டியல் காலியாக இருக்கும். யூசரை மறுபடி உருவாக்குங்கள். அந்த வரியை லேப் கோப்புறையில் தனிக் குறிப்பாக எழுதி வைத்துவிடுங்கள். எஞ்சின் ஐடியை மாற்றினாலும் யூசரை மீண்டும் உருவாக்க வேண்டிவரும், ஏனென்றால் கடவுச்சொல்லிலிருந்து வரும் சாவி அந்த ஐடியோடு சேர்த்துக் கணக்கிடப்பட்டது.

கருவிகள் எல்லாம் பெயரோடு வருகின்றன, நடுவில் ஒரு கோடுகூட இல்லை

கோடுகள் அண்டை விவரத்திலிருந்து வருகின்றன. சிஸ்கோ கருவிகளுக்குள் என்றால் சிடிபி, மற்றவற்றோடு என்றால் எல்எல்டிபி. பெரும்பாலான ஐஓஎஸ் கருவிகளில் சிடிபி தானாக ஓடும். எல்எல்டிபி ஓடாது, ‘எல்எல்டிபி ரன்’ கொடுக்க வேண்டும். பாதுகாப்புப் பயிற்சி செய்யும்போது ‘நோ சிடிபி ரன்’ கொடுத்துவிட்டு மறந்துபோவது சாதாரணமாக நடப்பது.

கொடுத்தவுடனே ஸ்கேன் செய்யாதீர்கள். சிடிபி 60 விநாடிக்கு ஒரு முறை பேசும், கேட்டதை 180 விநாடி நினைவில் வைத்திருக்கும். எல்எல்டிபி-க்கு அந்த எண்கள் 30, 120. ஒரு டீ குடித்துவிட்டு வந்து ஸ்கேன் கொடுங்கள்.

கருவிக்குள் ‘ஷோ சிடிபி நெய்பர்ஸ்’ நன்றாக வருகிறது, எல்எல்டிபி மட்டும் காலியாக இருக்கிறது, இரண்டு பக்கமும் ஓடுகிறது என்று உறுதியாகத் தெரிகிறது. லேப் கேவிஎம், ப்ராக்ஸ்மாக்ஸ் போன்றவற்றில் லினக்ஸ் பிரிட்ஜ் மேல் ஓடினால் காரணம் அந்த பிரிட்ஜ்தான். எல்எல்டிபி பயன்படுத்தும் மல்டிகாஸ்ட் முகவரியை அடுத்த கருவிக்குக் கடத்தக் கூடாது என்பது ஐட்ரிபிள்ஈ விதி. லினக்ஸ் பிரிட்ஜ் அந்த விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்து, அந்த ஃப்ரேமைத் தன்னோடு நிறுத்திக்கொள்கிறது. சிடிபி-யின் முகவரி அந்த வரிசையில் இல்லாததால் தாண்டிப் போகிறது. பிரிட்ஜின் ‘குரூப் ஃபார்வர்டு மாஸ்க்’ அமைப்பை 16384 என்று வைத்தால் எல்எல்டிபி-யும் தாண்டும். லேப்பில் மட்டும் செய்ய வேண்டிய காரியம் இது.

கருவிக்குள் அண்டை விவரம் இருக்கிறது, மென்பொருளில்தான் இல்லை என்றால், எஸ்என்எம்பி வியூ (எந்த விவரங்களைப் படிக்கலாம் என்ற எல்லை) குறுகலாக இருக்கலாம். சிடிபி விவரம் 1.3.6.1.4.1.9.9.23-க்குக் கீழே இருக்கிறது, எல்எல்டிபி விவரம் 1.0.8802.1.1.2-க்குக் கீழே. வியூவில் 1.3.6.1.2.1 மட்டும் அனுமதித்திருந்தால் கருவியின் பெயரும் போர்ட்டுகளும் வரும், அண்டை வராது.

லிப்ரேஎன்எம்எஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொன்று. அண்டைக் கருவியைக் கண்டதும் அதைத் தானாகச் சேர்க்க, அந்தப் பெயருக்கு டிஎன்எஸ்-இல் முகவரி கிடைக்க வேண்டும். லேப்பில் டிஎன்எஸ் வைத்திருப்பவர்கள் குறைவு. சர்வரின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஏழு பெயர்களையும் எழுதிவிடுங்கள், அல்லது ஐபி முகவரி வழியாகக் கண்டறியும் வசதியை இயக்குங்கள். அது இயல்பாக அணைந்திருக்கும். கண்டறியும் வேலை 6 மணி நேரத்துக்கு ஒரு முறைதான் தானாக ஓடும் என்பதால், மாற்றம் செய்த பிறகு கையால் ஓட்டிவிடுங்கள்.

நாலு ரவுட்டர் இருக்கிறது, படத்தில் ஒன்றுதான் வருகிறது

நாலுக்கும் பெயர் ‘ரவுட்டர்’ என்றே இருக்கும். ஹோஸ்ட்நேம் மாற்றாமல் லேப்பைக் கட்டியிருக்கிறீர்கள். சிடிபி ஒரு கருவியை அதன் ஹோஸ்ட்நேமை வைத்துத்தான் அறிமுகப்படுத்துகிறது, மென்பொருளும் பெயரை வைத்துத்தான் இரண்டும் ஒன்றா வேறா என்று முடிவுசெய்கிறது. ஒரே பெயரில் இரண்டாவது கருவியைச் சேர்க்க லிப்ரேஎன்எம்எஸ் இயல்பாக மறுத்துவிடும்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு: ஒரே ரவுட்டர் பலவாகத் தெரிவது. ரவுட்டர்-ஆன்-எ-ஸ்டிக் லேப்பில் இது நிச்சயம் வரும். ஆர்1-இல் விலான் 10, 20, 30 என்று மூன்று சப்-இன்டர்ஃபேஸ், மூன்று முகவரி. முகவரித் தொகுதிகளை வரிசையாக ஸ்கேன் செய்யும் மென்பொருளுக்கு அவை மூன்று கருவிகள். எஸ்என்எம்பி சரியாக ஓடினால் நல்ல மென்பொருள் பெயரைப் பார்த்து ஒன்றாகச் சேர்த்துவிடும். அது இல்லாதபோது, ஸ்கேன் பட்டியலில் லூப்பேக் முகவரிகளை மட்டும் கொடுங்கள். லூப்பேக் வைப்பதன் பயனை இந்த இடத்தில் நேரடியாகப் பார்க்கலாம்.

ஒரு போர்ட்டில் இரண்டு அண்டை

ஈதர்நெட் கேபிளுக்கு இரண்டு முனைதானே, எப்படி மூன்று கருவிகள்? நடுவில் சிடிபி பேசாத ஸ்விட்ச் ஒன்று இருக்கிறது. ஜிஎன்எஸ்3-இன் உள்ளமைந்த ஈதர்நெட் ஸ்விட்ச் அப்படிப்பட்டது. கடையில் வாங்கும் மலிவான அன்மேனேஜ்டு ஸ்விட்சும் அப்படித்தான். அவை சிடிபி ஃப்ரேமை மற்ற மல்டிகாஸ்ட் போலவே எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பிவிடும். ஆர்2, ஆர்3, ஆர்4 மூன்றும் நேராக இணைந்திருப்பதாக நம்பும், படத்தில் முக்கோணம் வரும். மென்பொருளால் இதைத் திருத்த முடியாது. நடுவில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது என்று கையால் வரைய வேண்டும்.

இல்லாத கருவி ஒன்று நிற்கிறது

அதன் மேக் முகவரியைப் பாருங்கள். 0000.0சி07.ஏசி என்று ஆரம்பித்தால் அது ஹெச்எஸ்ஆர்பி-யின் மெய்நிகர் முகவரி. கடைசி இரண்டு இலக்கம் குரூப் எண், பதினாறடிமானத்தில். ஆர்2-உம் ஆர்3-உம் பகிர்ந்துகொள்ளும் கேட்வே, மூன்றாவது ரவுட்டர் மாதிரி வந்து நிற்கிறது. அழித்துவிடாதீர்கள். ஆவணத்தில் அது இருக்க வேண்டும், ஆனால் கருவியாக அல்ல. இரண்டு ரவுட்டருக்கும் நடுவில் ஒரு முகவரியாக.

மேக் சாதாரணமாக இருந்தால், அது நேற்று கழற்றிய கணினியாக இருக்கும். சிஸ்கோ ரவுட்டர் ஆர்ப் பதிவை (எந்த ஐபி-க்கு எந்த மேக் என்ற குறிப்பை) 4 மணி நேரம் வைத்திருக்கும். ஸ்விட்சின் மேக் டேபிள் 300 விநாடியில் மறந்துவிடும். ரவுட்டரின் ஆர்ப் டேபிளைப் படிக்கும் மென்பொருள், போனவரை இன்னும் இருப்பதாகச் சொல்லும். ஸ்கேனுக்கு முன் ‘கிளியர் ஆர்ப்’ கொடுங்கள். இதன் மறுபக்கமும் உண்டு. ஜிஎன்எஸ்3-இன் விபிசிஎஸ் போன்ற சின்ன மெய்நிகர்க் கணினிகள் ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தால் மேக் டேபிளிலிருந்து போய்விடும், படத்தில் வராது. ஒவ்வொன்றிலிருந்தும் கேட்வேக்கு ஒரு பிங் அனுப்பிவிட்டு ஸ்கேன் கொடுங்கள்.

இரண்டு ஸ்விட்சுக்கு நடுவில் இரண்டு கேபிள், படத்தில் ஒன்று

பாக்கெட்டுகள் சுழலாமல் தடுக்கும் எஸ்டிபி (ஸ்பானிங்-ட்ரீ) ஒரு போர்ட்டை அடைத்திருக்கும். மேக் டேபிளைப் பார்த்துக் கோடு போடும் மென்பொருளுக்கு, தரவு போகாத கேபிள் தெரியாது. சிடிபி அடைபட்ட போர்ட்டிலும் பேசும், அதனால் சிடிபி வழி வரையும்படி மாற்றினால் இரண்டும் வரும். எந்தப் பக்கத்துப் போர்ட் அடைபட்டது என்பதை ‘ஷோ ஸ்பானிங்-ட்ரீ’ பார்த்துக் கோட்டின் மேல் எழுதிவிடுங்கள். அது விலானுக்கு விலான் மாறலாம் என்பதால் விலான் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

எனக்குத் தெரியாத கருவிகள் நிறைய வந்துவிட்டன

ஸ்கேனை உடனே நிறுத்துங்கள். கிளவுட் நோடு வழியாக லேப் உங்கள் வீட்டு அல்லது அலுவலக நெட்வொர்க்கோடு சேர்ந்திருக்கிறது. அலுவலகத்தில் அனுமதி இல்லாமல் ஸ்கேன் செய்வது உங்கள் வேலைக்கே ஆபத்து. ஸ்கேன் எல்லையை லேப்பின் முகவரிகளுக்குள் அடையுங்கள். வெளியே போகும் இன்டர்ஃபேஸில் ‘நோ சிடிபி எனேபிள்’ கொடுங்கள். கம்யூனிட்டி ஸ்ட்ரிங் ‘பப்ளிக்’ என்று இருந்தால் மாற்றிவிடுங்கள்.

ரீலோடு செய்த பிறகு கோடுகள் வேறு போர்ட்டில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன

எஸ்என்எம்பி போர்ட்டுகளைப் பெயரால் அல்ல, ஓர் எண்ணால் அடையாளம் காண்கிறது. அந்த எண் ரீலோடுக்குப் பிறகு மாறலாம், குறிப்பாக இன்டர்ஃபேஸ் சேர்த்திருந்தாலோ எடுத்திருந்தாலோ. பழைய எண்ணை வைத்திருக்கும் மென்பொருள் கோட்டைத் தப்பான போர்ட்டில் போடும். ‘எஸ்என்எம்பி-சர்வர் இஃப்இண்டெக்ஸ் பெர்சிஸ்ட்’ கொடுத்து, கான்ஃபிக்கைச் சேமித்துவிட்டால் எண்கள் நிலையாகிவிடும். ஏற்கெனவே குழம்பிய கருவியை மென்பொருளிலிருந்து நீக்கி, மறுபடி சேர்த்து, முதலில் வரைந்த காகிதத்தோடு போர்ட் போர்ட்டாக ஒப்பிடுங்கள். ஒத்துப்போனதும் படத்தை ஏற்றுமதி செய்து தேதி போட்டு, அதே நேரத்தில் எடுத்த ‘ஷோ சிடிபி நெய்பர்ஸ் டீடெய்ல்’ வெளியீடுகளையும், எஸ்என்எம்பி யூசர் குறிப்பையும் அதே கோப்புறையில் வையுங்கள்.